கூட வந்தவர் கையெழுத்து

படியேறினால் நெஞ்சு இறுகுகிறது என்றதும் டாக்டர் ஸ்ட்ரெஸ் எக்கோ எழுதிக் கொடுத்தார். நடக்கவிட்டு, துடிப்பு ஏறியிருக்கும்போதே இதயத்தை ஸ்கேனில் பார்ப்பார்களாம். வெறும் வயிற்றோடு குற்றாலத்தில் பஸ் ஏறினேன். சீசன் முடிந்து எங்கள் தெரு விடுதிகள் பூட்டிக் கிடந்தன. அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். போய்வருகிறேன் என்று சொல்ல ஆளில்லை.

தென்காசி ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள். "கூட வந்தவங்க இங்கன கையெழுத்துப் போடணும்க்கா."

"யாரும் வரலையே."

"ஒத்தையில வந்தா டெஸ்ட் எடுக்க மாட்டாவளே."

பக்கத்தில் இருந்த பெரியவர் கையிலும் அதே படிவம். ராயகிரிக்காரர், பட்டாளத்திலிருந்து வந்து விவசாயம் பார்க்கிறாராம். "உரம் வாங்கப் போறேன்னுட்டு வந்தேன். விஷயத்தைச் சொன்னா வீட்டுக்காரி பயந்துருவா" என்றார். சற்று யோசித்து, "எனக்கு நீ போடு, உனக்கு நான் போடுதேன் தாயி" என்று என் படிவத்தை வாங்கி, உறவுமுறையில் 'அண்ணன்' என்று எழுதினார். நான் 'தங்கை' என்று எழுதினேன். நர்ஸ் இரண்டையும் வாங்கி ஃபைலில் வைத்தாள்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு டிரெட்மில். வேகமும் ஏற்றமும் கூடக் கூட மூச்சு வாங்கியது. நின்றதுமே மறுபடி கட்டிலில் சாய்த்து நெஞ்சில் கருவியை அழுத்தினார்கள்.

"நல்லா வேலை செய்யுது. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் பெரியவர் எழுந்து நின்றார். "என்ன சொன்னாவ?"

"ஒண்ணுமில்லையாம் அண்ணாச்சி."

அவர் முகத்தில் வந்த நிம்மதி எனக்குக்கூட வரவில்லை.

அடுத்து அவர் போனார். அரைமணி நேரத்தில் நர்ஸ் எட்டிப்பார்த்து, "தங்கச்சியை டாக்டர் கூப்பிடுதாரு" என்றாள். நடந்த பிறகு இதயச் சுவரில் ஒரு பக்கம் சரியாக அசையவில்லை, அடைப்பு இருக்கலாம், இன்றே திருநெல்வேலிக்குப் போய் ஆஞ்சியோ பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பெரியவர் சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மதினிகிட்ட நான் பேசட்டுமா?" என்றேன். நம்பரை மட்டும் சொன்னார். என் போனிலிருந்தே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா அழவில்லை. "நீங்க யாரு?" என்று கேட்டபோதுதான் திணறிவிட்டேன். "கூட உக்காந்திருக்கேன்" என்றேன்.

மகன் காரோடு வரும்வரை உட்கார்ந்திருந்தோம். அவர் வயலைப் பற்றியே பேசினார். கார் வந்ததும் மனைவி இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். கார் போன பிறகு ஒரு ஓட்டலில் இட்லி தின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். இதயம் நன்றாக இருக்கிறது என்ற செய்தியை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அந்தம்மா கூப்பிட்டார். "ஸ்டென்ட் வச்சாச்சு. நல்லா இருக்காவ. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காவ, ஒருநாள் வாங்க."

வருகிறேன் என்றேன். ராயகிரிக்கு எப்படிப் போவது என்றுகூட பஸ் ஸ்டாண்டில் விசாரித்தேன். தங்கையாகப் போவதா, கூட உட்கார்ந்திருந்தவளாகப் போவதா என்று தெரியாமல் இன்னும் போகவில்லை.