ஜமால் பாய் கழற்றித் தந்த ஸ்டியரிங்

சென்ற வெள்ளிக்கிழமை காலை நம் வாசகர் வட்டத்துச் செல்வி போன் செய்து, “டீச்சர், ஜமால் பாய் போயிட்டாருங்க” என்றார்.

“எப்போ திரும்பி வர்றாரு?” என்று கேட்டேன். மகனைப் பார்க்க துபாய்க்குப் போகப்போவதாகப் பாய் சொல்லிக்கொண்டிருந்தார்.  அந்தப் பக்கம் செல்வி அழும் சத்தம் கேட்டது. அப்போதும் எனக்கு உடனே விளங்கவில்லை.

திண்டிவனம் கூட்டங்களில் அவரைப் பார்த்தவர்களுக்கு அவரது கேள்வி நினைவிருக்கும். எந்தக் கதையைப் பேசினாலும் கடைசியில் கை தூக்குவார். “அது சரிங்க, அன்னிக்கு அந்த வூட்ல என்னா சாப்ட்டாங்கன்னு எழுதலியே?” நாம் சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஆனால் அடுத்த மாதமும் அதையேதான் கேட்பார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஐம்பது வயதை நெருங்கும்போது, வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் நான் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினேன். அதன் ஸ்டியரிங் வளையம் வெடித்து, உள்ளேயிருந்த கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. புதுச்சேரியில் நல்ல வளையம் ஒன்று கிடைத்தது. பழையதோ வரமாட்டேன் என்றது. அதன் நடுவிலிருக்கும் ஹப், அது மாட்டியிருக்கும் இரும்புத் தண்டின் பற்களோடு துருவேறி ஒன்றாகவே ஆகியிருந்தது. விழுப்புரத்தில் ஒரு மெக்கானிக் சீட்டில் உட்கார்ந்து, முன்பக்கம் காலை ஊன்றிக்கொண்டு இழுத்துப் பார்த்தார். இன்னொருவர், “அறுத்துத்தாங்க எடுக்கணும். தண்டு போச்சின்னா என்னைக் கேக்கக்கூடாது” என்றார். தண்டு போனால் கார் போனதுபோலத்தான்.

கையில் கட்டோடு கூட்டத்துக்கு வந்த என்னிடம் பாய் விசாரித்தார். வளைகுடாவில் ஒர்க்ஷாப்பில் இருந்தவர் என்று நமக்கெல்லாம் தெரியும். “நீங்க கழட்டுவீங்களா பாய்?” என்று கேட்டேன்.

“பாத்துருக்கேன் டீச்சர்” என்றார்.

அடுத்த ஞாயிறு கோட்டக்குப்பம் ஜவுளிக்கடைப் பையொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, விழுப்புரத்தில் என் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஹப்பில் எண்ணெய் விட்டார். “ஊறட்டும். ஜல்தி பண்ணா பேஜாரா பூடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறு ஞாயிறும் வந்து எண்ணெய் மட்டும் விட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு புல்லர் கொண்டுவந்தார். அதன் இரண்டு கைகள் ஹப்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும், நடு போல்ட் தண்டை அழுத்தும். அவர் அதை எடுத்து வைக்கும் நேரத்தில், உதவியாக இருக்கட்டுமே என்று ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, தளர்த்தியிருந்த நட்டை முழுதாகக் கழற்றப் போனேன்.

“நட்டை எடுக்காதீங்க!” என்று கத்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். “நாலு மரை உள்ளயே நிக்கட்டும். வளையம் கெளம்புச்சின்னா நேரா மூஞ்சிக்குத்தான் வரும்.”

போல்ட்டை இறுக்கினார், அதன் தலையில் தட்டினார், மறுபடி இறுக்கினார். பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். வளையம் எகிறி நட்டில் முட்டி நின்றது. என் முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். புது வளையத்தை மாட்டி, நட்டை இறுக்கியபின், “மெதுவா ஓட்டுங்க. நானும் பக்கத்துல ஒக்காந்துக்கினு வர்றேன்” என்றார். கெடார் வரை போய்த் திரும்பினோம். வழி முழுவதும் அவர் சாலையைப் பார்க்கவில்லை, என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அந்தக் காரில்தான் திண்டிவனம் போனேன். அதற்குள் அடக்கத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மகள் ரெஹானாவிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், “அத்தா மாதிரி ஒரு மெக்கானிக்கை இனிமே எங்கம்மா பாக்கப் போறோம்” என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “யாருங்க மெக்கானிக்கு?”

“அங்க ஒர்க்ஷாப்ல…”

“ஒர்க்ஷாப் ஆளுங்களுக்குச் சமையல்காரருங்க. இருவத்தாறு வருசமும் சமையல்தான்.”

 அந்த ஸ்டியரிங்கை நம்பி இரண்டு ஆண்டுகள், லாரிகளுக்கு நடுவே, விக்கிரவாண்டி தாண்டிப் போய் வந்திருக்கிறேன். நட்டை எடுக்காதே என்று அவர் கத்தியதைச் சொன்னேன்.

“அதுவா? அங்க ஒருத்தருக்கு அப்டித்தான் எகிறி தாடை ஒடஞ்சிபோச்சாம். ஒரு மாசம் அத்தாதான் கஞ்சி காய்ச்சி ஊத்துனாரு. அடிக்கடி சொல்லிக்கினு இருப்பாரு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஓ, அந்தக் காரு டீச்சர் நீங்கதானா? பழைய இரும்புக் கடையிலேர்ந்து ஒரு ஸ்டியரிங்கைத் தண்டோட வாங்கியாந்து, மூணு வாரமா கொல்லையில கழட்டிக்கினு மாட்டிக்கினு கெடந்தாரே! பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு மெக்கானிக்கை வேற தெனம் போய்க் கேட்டுக்கினு இருந்தாரு” என்றாள்.

திரும்பி வரும்போது சாலையோரம் காரை நிறுத்திவிட்டேன். அவர் என்னை ஏமாற்றினாரா? பார்த்திருக்கிறேன் என்றுதான் சொன்னார், செய்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் வேறு ஆளைத் தேடியிருப்பேன், அவருக்கும் சிரமம் இருந்திருக்காது. ஏன் சொல்லவில்லை? மாதம் ஒருமுறை கூட்டத்தில் பார்த்துக்கொள்ளும் ஒருத்திக்காக எதற்கு அத்தனை மெனக்கெட வேண்டும்? கூட்டத்தில் அவர் கேள்விக்கு நாம் சிரித்ததை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் தன் தொழிலைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார், நாம் ஒருவரும் திருப்பி அவரை எதுவும் கேட்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்தத் தெளியாத கேள்விகள்தான். இன்னொன்றும் இருக்கிறது. அந்த மூன்றாவது ஞாயிறு அவருக்கு நான் நன்றி சொன்னேனா என்று பல முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். டீ கொடுத்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். அதற்குமேல் எதுவும் நினைவுக்கு வரவில்லை.