ராத்தாவின் கிணற்றுக் கோடு

மறுநாள் காலையில் ஒரு லோடு மண் வரும், கிணற்றை மூடிவிடுவோம் என்று ராத்தாவின் கணவரான மச்சான் முடிவெடுத்திருந்தார். மருதமுனையில் கடற்கரைப் பக்கம் இருக்கும் அவர்கள் வீட்டு வளவில், அந்தக் கிணற்றை நம்பித்தான் என் அக்காவான ராத்தா மிளகாய், கத்தரி, பப்பாசிக் கன்றுகளைப் பைகளில் வளர்த்து விற்கிறார். சில நாட்களில் தண்ணீர் உவர்த்துப் போய்க் கன்றுகளின் நுனி கருகிவிடும். சில நாட்களில் நல்ல தண்ணீர். எப்போது எது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. கிணறு போனால் ராத்தாவின் தொழிலும் போச்சு.

உப்பு அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றை நான் முன்பே வாங்கிக் கொடுத்திருந்தேன். ராத்தா விடியலில் சுபஹு தொழுதபின் ஒருதரம், இரவில் இஷா தொழுதபின் ஒருதரம் அளந்து, சுவர்க் கலண்டரைப் பார்த்துத் தேதி போட்டு, கைபேசி அட்டவணையில் மாதக்கணக்காகப் பதிந்து வந்தார்.

அன்று பின்னேரம் அந்த எண்களை லெப்டொப்பில் பைதன் என்ற நிரல்மொழியில் வரைபடமாக்க உட்கார்ந்தேன். தலைப்பில் தமிழுக்குப் பதிலாகப் பெட்டி பெட்டியாக வந்தது. எழுத்துருவை மாற்றினால், ‘தேதி’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது! வந்த கோபத்தில் தலைப்பையே அழித்தேன். அடுத்தது தேதிகள். அவற்றை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு, அத்தனையையும் அடியில் நெருக்கித் தள்ளி ஒரே கறுப்புப் பட்டையாக்கி வைத்திருந்தது. தேதிதான் என்று அதற்குப் புரியவைத்து, ஏழு நாளைக்கு ஒன்றாகக் குறைத்துச் சரித்துப் போட்டேன்.

மச்சான் எட்டிப் பார்த்தார். “என்னகா, பெட்டிக்குள்ள தண்ணி இனிக்குதா?”

“கொஞ்சம் பொறுங்க மச்சான். உசிர வாங்காதீங்க.”

இனிக்கத்தான் இல்லை. கோடு வாள் பல்லைப் போல இருந்தது. ஏறும்போது காலையில் ஏறி இரவில் சறுக்கியது. இறங்கும்போது காலையில் இறங்கி இரவில் மேலே துள்ளியது. இரவுக் கணக்கெல்லாம் பிழை, ராத்தா தூக்கக் கலக்கத்தில் அளந்திருக்கிறார் என்று எண்ணி, அவற்றை அழித்துவிடக் கையை வைத்தேன். அப்போது சூரியன் மறைய, மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. லெப்டொப்பை மூடிவிட்டுத் தொழப் போனேன்.

தொழுது முடித்த ராத்தா, முசல்லா விரிப்பை மடித்து வைத்துவிட்டு நேரே சுவருக்குப் போய்க் கலண்டர் தாளைக் கிழித்தார்.

“இன்னும் இண்டைக்கு முடியல்லியே ராத்தா?”

“மஃரிப் ஆனா அடுத்த நாள்தானே புள்ள. இந்த வீட்டுல எப்பவும் இப்பதான் கிழிக்கிற.”

இரவில் அளந்ததற்கெல்லாம் மறுநாள் தேதி! எங்கள் நாள் மஃரிபோடு பிறக்கிறது, பைதனின் நாள் நடுச்சாமத்தில் பிறக்கிறது. இரவு அளவுகள் எல்லாவற்றுக்கும் ஒரு நாளைக் கழித்து ஓட்டினேன்.

யா அல்லாஹ்! வாள் பல் போய்விட்டது. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, திரும்பவும் ஏறும் அலை ஒன்று திரையின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை கிடந்தது. ஒரு புள்ளிகூட விலகி நிற்கவில்லை. இந்த ஏற்ற இறக்கத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்தவள், முழுநிலா நாட்களுக்கு மஞ்சள் வட்டமும், நிலா இல்லாத நாட்களுக்குக் கறுப்பு வட்டமும் கோட்டின்மேல் வைத்தேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓரிரு நாள் பிந்தி ஒவ்வொரு மேடு. இரண்டு வட்டங்களுக்கு நடுவே ஒவ்வொரு பள்ளம். கடலை இழுக்கும் நிலா, மணலுக்கு அடியால் வந்து ராத்தாவின் வாளிவரைக்கும் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

“சுப்ஹானல்லாஹ்,” என்றார் ராத்தா. “நான் அளந்ததா இது?”

“ஓம் ராத்தா. எல்லாம் நீங்க அளந்ததுதான்.”

அவர் விரலால் திரையைத் தொட்டு, பள்ளம் பள்ளமாகத் தடவிக்கொண்டு போனார். மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“அப்ப இந்தப் பள்ளத்துல எல்லாம் நல்ல தண்ணியா?”

“ஓம் மச்சான். அந்த நாள்ல இறைச்சு வச்சா மத்த நாளுகளுக்கும் தாராளமா காணும்.”

அவர் வாசலுக்குப் போனார். இன்னும் பிறை தெரிகிறதா என்று மேற்கே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்தார்.

“தம்பி, நாளைக்கு மண் வேணாம். தண்ணி டேங்க் ஒண்ட ஏத்திட்டு வா.”