மல்லிக்கு ஊற்றிய தண்ணீர்

அடித்தவன் என் கூடப்பிறந்த அண்ணன், அடிபட்டவள் அவனுடைய மனைவி. "எப்படி அடிபட்டது?" என்று மருத்துவர் கேட்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டிய வாய் யாருடையது? திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், உதட்டில் இரத்தம் உறைந்திருக்க, நான் இந்தக் கேள்வியோடு நின்றிருந்தேன்.

எங்கள் வீடு செம்பட்டிக்கு வெளியே இருக்கிறது. கொல்லையில் கிணற்றை ஒட்டிக் குண்டுமல்லிச் செடிகள். எங்கள் பக்கத்து வசந்தத்தில் ஒரு கொடுமை உண்டு. மார்கழியில் மல்லியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிஞ்சிய இலைகளையும் உருவிவிட்டு, தண்ணீர் காட்டாமல் வெறுங்குச்சியாகக் காயவிடுவோம். தை கடந்த பிறகே எருவும் தண்ணீரும். அப்படிக் காய்ந்த செடிதான் மாசிக் கடைசியில் மொட்டு வைக்கும். வீட்டில் பூத்த முதல் கூடையைத் தெரு மாரியம்மனின் பூச்சொரிதலுக்கு மூத்த மகன் தலையில் சுமந்து போவான். ஆண்டு முழுதும் காய்கறி லாரி ஓட்டும் என் அண்ணனை ஊர் நின்று பார்ப்பது அந்த ஒரு மாலையில்தான்.

அண்ணி கொடைக்கானல் மேல்மலையைச் சேர்ந்தவள். அங்கே குளிரே எதிரி. உறைபனி விழும் இரவுகளில் செடிகளைச் சாக்குப் போட்டு மூடி, விடிந்ததும் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்களாம். கல்யாணமாகி வந்தபோது தன் அம்மா கொடுத்த டேலியாக் கிழங்குகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, பழைய பெயின்ட் வாளிகளில் ஊன்றி, கிணற்று நிழலில் வைத்திருந்தாள். அவள் அம்மாவோடு தினமும் போனில் பேசுவதை அண்ணன் நிறுத்தியிருந்தான். "கொஞ்ச நாளு பேசாமக் கெடந்தாத்தான் இங்க மனசு ஒட்டும்" என்றான். எங்கள் அம்மாவும் தலையாட்டினார். நான் எதிர்த்துப் பேசியதற்கு, "நீ படிச்ச படிப்பை ஒன் ஆபீசுல வச்சுக்க" என்று பதில் வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அண்ணன் லாரியில் வடக்கே போகும்போதெல்லாம் அண்ணி, மலை வழக்கப்படி நாங்கள் எழும் முன்பே, மல்லிக் குச்சிகளுக்கும் தண்ணீர் ஊற்றினாள், சாணி கரைத்து விட்டாள். காயவிடுவது எங்கள் வழக்கம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியாமலிருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாசிக் கடைசி வந்தது. அக்கம்பக்கத்துக் கொல்லைகள் வெளுத்துப் பூத்தன. எங்கள் மல்லி தழைத்து, கரும்பச்சையாக மின்னியது. ஒரு மொட்டு இல்லை. கிணற்றடியில் மட்டும் டேலியாக்கள் சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தன.

பூச்சொரிதலன்று கோயில் வாசலில் அண்ணன் வெறுங்கையோடு நின்றான். சித்தப்பா முறையுள்ள ஒருவர், "என்னப்பு, கூடையக் காணாம்? ஆட்டுக்குத் தழை வளக்குறியாம்ல? எனக்கு ஒரு கட்டு அறுத்துக் குடுறா" என்றார். கூட்டம் சிரித்தது. அண்ணன் திரும்பி நடந்தான். அவன் நடையைப் பார்த்துப் பயந்து நானும் பின்னாலேயே வந்தேன்.

வீட்டில் அம்மா வாய்விட்டுவிட்டார். "குச்சியாக் கெடந்த செடிக்குத் தண்ணி ஊத்துனவ இவதானாம்ப்பு. இப்பத்தான் சொல்லுறா."

"ஏண்டி, ஒன் பூ மட்டும் பூக்கணும், என் பூ நாசமாப் போகணுமா?"

"காஞ்சு கெடந்துச்சுங்க. செத்துருமேன்னுதான் ஊத்துனேன்."

அண்ணன் மண்வெட்டியை எடுத்தான். முதல் வாளி பிளந்தது. அடுத்தது உருண்டது, அதன் மேலும் இறக்கினான். சிவந்த இதழ்கள் சேற்றில் நசுங்கின. கடைசி வாளியை அண்ணி இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இது எங்கம்மா குடுத்தது." மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் அவள் வலக்கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் வாளியை விடவில்லை. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. நான் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "தள்ளிக்க பாப்பா, ஒனக்கும் விழும்" என்று உதறினான். துணி துவைக்கும் கல்லில் என் முகம் மோதியது. நிமிர்ந்து பார்க்கும்போது இரும்புப் பக்கம் அவள் தலைக்கு நேராக ஓங்கியிருந்தது. அடி இறங்கும் முன் இரும்பு காம்பிலிருந்து கழன்று, பின்னால் பறந்து, கிணற்றுச் சுவரில் மோதி உள்ளே விழுந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் அண்ணன் தன் கையிலிருந்த வெறுங்கம்பைப் பார்த்தான்.

ஆட்டோவில் திண்டுக்கல் போகும் வழியெல்லாம் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "ஏத்தா, அவ வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிரு. போலீசுன்னு போனா அவனுக்கு யாரு லாரி குடுப்பா? நாம என்னத்தத் திங்கிறது?"

அவர் சொன்னது பொய்யல்ல. அண்ணனின் வேலை போகலாம். ஊர் என்னைக் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று பேசும். அண்ணியின் வாழ்க்கையை அவளைக் கேட்காமல் நான் முடிவு செய்ததாகவும் ஆகிவிடலாம். இவற்றை ஒரு பக்கம் வைத்தேன். மறுபக்கத்தில் அந்த ஓங்கிய இரும்பு மட்டும் இருந்தது.

மருத்துவர் கேட்டார். "கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டா" என்றார் அம்மா. மருத்துவர் அண்ணியின் தோளில் நீளமாகத் தடித்திருந்த காயத்தைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

நான் குனிந்து அண்ணியிடம் கேட்டேன். "அண்ணி, சொல்லட்டுமா?"

அவள் இடக்கையால் என் கையைப் பிடித்தாள். "சொல்லு. அடுத்த தடவ இரும்பு கழண்டு விழாது."

சொன்னேன். மருத்துவமனையிலிருந்த காவலரிடமும் எதையும் விடாமல் சொன்னேன். அம்மா வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் மீது வழக்கு நடக்கிறது. அம்மா என்னோடு பேசுவதில்லை. நான் திண்டுக்கல்லில் வாடகை அறையில் இருக்கிறேன். அண்ணி மலைக்குப் போய்விட்டாள், திரும்பி வரவில்லை. வலக்கை முழுதாக நீளாததால் இடக்கையால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.