இடுப்புக் கட்சியும் மணிக்கட்டுக் கட்சியும்

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கோல்ஃப் ஸ்டிக்கை அதுவரை கையால் தொட்டதில்லை. அப்படிப்பட்ட என்னை ஒரு கோல்ஃப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்குள் இழுத்துவிட்டவர் என் கணவர்.

மைசூரில் நாங்கள் உறுப்பினர்களாக இருக்கும் கிளப்பில் இவர் பல வருடங்களாக ஆடுகிறார். ஆடுவதாக அவர் சொல்கிறார். நான் பார்த்தவரை பந்து ஒரு பக்கம் போகும், இவர் அதைத் தேடிக்கொண்டு இன்னொரு பக்கம் போவார். பழைய பயிற்சியாளர் பெங்களூருக்குப் போய்விட்டதால் புதியவரை நியமிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். இவர்தான் தலைவர். மற்ற உறுப்பினர்களும் இவரைப் போலவே ஆடுபவர்கள்.

இரண்டு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். மூத்தவர் நெடுநெடுவென்று இருப்பார், வெள்ளைத் தொப்பியைக் கழற்றவே மாட்டார். ஸ்விங் இடுப்பிலிருந்துதான் கிளம்ப வேண்டும், கை வெறும் கயிறு என்பது அவர் கொள்கை. இளையவர் லேப்டாப்போடு வந்தார். மணிக்கட்டுதான் எல்லாம், இடுப்பு தானாகப் பின்னால் வரும், இடுப்பை நினைத்தவன் அன்றோடு கெட்டான் என்றார்.

கமிட்டி அன்றே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் ஒருவர் இருந்தார், அவர் இடுப்புக் கட்சி. சாஃப்ட்வேர் கம்பெனி அதிகாரி ஒருவர் லேப்டாப் திறந்த மாத்திரத்தில் மணிக்கட்டுக் கட்சிக்குப் போய்விட்டார். நடுவில் மாட்டிக்கொண்ட இவர் சாப்பாட்டு மேஜையில் என்னைப் பிடித்தார்.

"நீ ஃபிசிக்ஸ்தானே? ரெண்டுல எது சரின்னு சொல்லிடு. கமிட்டிக்கு ஒரு சயின்டிஃபிக் ஒப்பீனியன் வேணும்."

"பந்துக்கு ஸ்டிக் வந்து மோதற அந்த ஒரு கணம்தாங்க தெரியும். எந்த வேகம், எந்தக் கோணம், அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி நீங்க இடுப்பை ஆட்டினீங்களா, மணிக்கட்டை ஆட்டினீங்களான்னு அதுக்கு என்ன தெரியும்?"

"அப்ப ரெண்டும் சரியா?"

"ரெண்டு வழியிலயும் வரலாம்னு சொல்றேன்."

"இதைப் போய் நான் கமிட்டில சொல்ல முடியுமா? ஃபிசிக்ஸ் படிச்சவங்க தீர்மானமா எதாவது சொல்வாங்கன்னு அவங்க நம்பிட்டு இருக்காங்க."

கொள்கையை விட்டுவிட்டு மாணவர்களைப் பாருங்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். நல்ல யோசனை என்று இருவரிடமும் மாணவர்களின் சாதனைகளைக் கேட்டார்கள். இருவரும் படங்களை அனுப்பினார்கள். இரண்டு பேரின் படங்களிலும் முதலில் இருந்தது கையில் கோப்பையோடு சிரிக்கும் ஒரே பெண்.

விசாரித்ததில், அவள் முதலில் மூத்தவரிடமும் பிறகு இளையவரிடமும் கற்றிருக்கிறாள். "நான் போட்ட அஸ்திவாரம்" என்றார் மூத்தவர். "அந்த அஸ்திவாரத்தை இடிச்சு எடுக்கவே எனக்குப் பாதி நாள் போச்சு" என்றார் இளையவர். என் கணவர் அந்தப் பெண்ணுக்கே போன் போட்டார். ரெண்டு சாரும் ரொம்ப நல்லவங்க அங்கிள், கோப்பை வாங்கினபோது நான் பெங்களூரில் வேறொருவரிடம் கற்றுக்கொண்டிருந்தேன் என்றாள்.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. எங்கள் கல்லூரியும் ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் முகத்தைப் பெரிய பேனராக அடித்து வாசலில் கட்டும். அதே பிள்ளைகள் ட்யூஷன் போன இடத்திலும் அதே முகங்கள் தொங்கும். அந்த பேனருக்குக் கீழே நானும் பெருமையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் கமிட்டி ஒரு பரீட்சை வைத்தது. கோல்ஃபே தெரியாத இருவரை ஆளுக்கு ஒருவராகக் கொடுப்பது, ஒரு மாதம் கழித்து யார் நன்றாக அடிக்கிறாரோ அவருடைய குருவுக்கு வேலை. தெரியாத ஆள் எங்கே கிடைப்பார் என்று அவர்கள் தேடவே இல்லை. இவர் என்னைக் காட்டினார். இன்னொருவர், கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு கட்டட கான்ட்ராக்டர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மார்டள்ளிக்காரர், அந்த ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் அப்படியே நாக்கில் இருக்கும். எனக்கும் அதே பக்கம், கொள்ளேகால் என்றதும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் மகிழ்ந்துபோனார்.

நான் மூத்தவருக்கு, அவர் இளையவருக்கு.

மூத்தவர் கன்னடத்தில் பாடம் எடுப்பார், ஒவ்வொரு வாக்கியத்தையும் "அல்வா மேடம்?" என்று முடிப்பார். கன்னடத்தில் அதற்கு 'இல்லையா' என்று பொருள். பக்கத்தில் பந்து அடித்துக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் அதைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏனுங்க மேடம், இவரு பேச்சுக்குப் பேச்சு அல்வா குடுக்கறாருங்களே!"

"நீங்க பேசாம உங்க பந்தை அடிங்க."

"எங்கீங்க அடிக்கறது? மணிக்கட்டு மணிக்கட்டுங்கறாரு. அதையே நெனச்சா ஸ்டிக்கு பந்துக்கு மேலயே போவுது. அப்பறம் அதை போன்ல படம் புடிச்சு மெதுவா ஓட்டிக் காட்டறாரு. எனக்குத் தெரியறது என் தொப்பை மட்டும்தானுங்க."

என் பாடும் அதேதான். இடுப்பைத் திருப்பு என்றால் எனக்கு எந்த அச்சில், எத்தனை டிகிரி என்று மனசு ஓடும். கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஸ்டிக் தரையைக் கொத்தியிருக்கும். வாழ்நாளெல்லாம் சுழற்சியைப் பாடமாக நடத்தியவளால் தன் இடுப்பைச் சுழற்ற முடியவில்லை.

பயிற்சி முடிந்ததும் கான்ட்ராக்டரும் நானும் கான்டீனில் காபி குடிப்போம். ஒருநாள் அவர் கேட்டார்.

"உங்க வாத்தியார் என்னதானுங்க சொல்றாரு?"

சொன்னேன். அவர் எழுந்து நின்று, டேபிளுக்கும் சுவருக்கும் நடுவில் இடுப்பைத் திருப்பிப் பார்த்தார். சர்வர் காபித் தட்டோடு ஒதுங்கி நின்றான்.

"இது நல்லா இருக்குதுங்களே! கலவை அள்ளி வீசற மாதிரிதான். கையை மறந்துடலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க மணிக்கட்டைப் புடிச்சுப் பாருங்களேன். இடுப்பைத்தான் நீங்க ரொம்ப யோசிக்கறீங்க."

அப்படித்தான் நாங்கள் கொள்கைகளை மாற்றிக்கொண்டோம். ரகசியமாக ஒன்றுமில்லை. குருக்கள் முன்னாலேயே செய்தோம், இருவருமே கவனிக்கவில்லை. மூத்தவர் ஸ்டிக்கைச் சுழற்றித் தானே அடித்துக் காட்டுவதில் மும்முரமாக இருந்தார். இளையவரின் கண் போனில் இருந்தது.

பரீட்சை அன்று கமிட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தது. ஆளுக்குப் பத்துப் பந்து. கான்ட்ராக்டர் தொப்பையைத் தூக்கிப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார், இடுப்பைத் திருப்பி வீசினார். பந்து புல்வெளியின் மேலே நேராகப் போயிற்று. அடுத்ததும் போயிற்று. கைதட்டல் கேட்டு அவரே திரும்பிப் பார்த்தார்.

நான் மணிக்கட்டை நம்பி நின்றேன். முதல் பந்து இரண்டடி உருண்டு நின்றது. அடுத்தது நாற்காலி வரிசையை நோக்கிப் போய் டாக்டரை எழுந்து ஓட வைத்தது. எத்தனையோ பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். இத்தனை பேர் பார்க்க முட்டை வாங்குவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. காது சுட்டது. மீதிப் பந்துகளை அடித்து முடிக்காமல் போகக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன், முடித்தேன்.

இளையவர் வென்றதாக இவர் அறிவித்தார். நான் உடனே எழுந்து விஷயத்தைச் சொன்னேன்.

"அவர் அடிச்சது இடுப்பு முறை. நான் அடிச்சதுதான் மணிக்கட்டு. பார்த்தா, ஜெயிச்சது அந்தப் பெரியவரோட கொள்கை."

"ஆமாங்க, மேடம் சொல்றது நெசம்" என்றார் கான்ட்ராக்டர். "கான்டீன்ல கத்துக்கிட்டேனுங்க."

பிறகு இளையவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். இடுப்பு தானாகப் பின்னால் வரும் என்று நான் முதல் நாளே சொன்னேன், வந்துவிட்டது பாருங்கள் என்றார். மூத்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் கொள்கைதான் ஜெயித்தது, ஆனால் மேடத்தை வைத்துக்கொண்டு எந்தக் கொள்கையும் ஜெயிக்காது என்றார். அதற்கும் ஒரு "அல்வா?" போட்டார். இந்த முறை கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை.

"மாணவர் ரிசல்ட்தான் கணக்குன்னு தீர்மானம் போட்டாச்சு" என்றார் என் கணவர். "இவர் யாருடைய மாணவர்? இளையவருடைய மாணவர். முடிஞ்சது."

"எப்படிக் கத்துக்கிட்டார்னு பார்க்க வேண்டாமா?"

"அதுக்கு இன்னொரு கமிட்டி போடணும். வேண்டாம்மா."

மூத்தவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் ஸ்டிக்குகளைப் பையில் போட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. கார் வரை கூடவே நடந்தேன். மன்னிச்சுக்கோங்க, நான் நல்ல மாணவி இல்லை என்றேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, அந்த கான்ட்ராக்டரிடம் நீங்கள் என்ன வார்த்தைகளில் சொன்னீர்கள் என்று கேட்டார். இடுப்பைத் திருப்பு, கையை மறந்துவிடு என்று மட்டும் சொன்னேன் என்றேன். நானும் அதைத்தானே சொன்னேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

இளையவர் வேலையில் சேர்ந்தார். முதலில் சேர்ந்த மாணவர் என் கணவர். தினமும் காலையில் ஹாலில் குடையைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் திருப்புவார். டிவிக்கு முன்னால் நிற்காதீர்கள் என்று நான் சொல்வேன். பந்து இன்னும் பழைய பக்கமே போகிறது.

"கொள்கை சரிதாம்மா" என்றார் ஒருநாள். "என் உடம்புக்குத்தான் புரிய மாட்டேங்குது."

நான் ஆட்டத்தை விடவில்லை. ஞாயிறு காலைகளில் கான்ட்ராக்டரும் நானும் போகிறோம். அவர் இப்போது சுமாராகத்தான் அடிக்கிறார், நான் முன்னைவிடப் பரவாயில்லை. போன வாரம் நான் அடித்த ஒரு பந்து உயரே எழும்பி நேராகப் போய் விழுந்தது. அவர் ஓடி வந்தார்.

"எப்படிங்க அடிச்சீங்க? இடுப்புங்களா, மணிக்கட்டுங்களா?"

"தெரியலைங்க" என்றேன். அவர் நம்பவில்லை. நான் மறைக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டு அடுத்த பந்தை அடிக்கப் போனார்.