முதுகுக்குப் பின்னால் இருக்கும் பட்டை

இலையுதிர்காலம் தொடங்கியபோது ரூலினாவின் அலுவலகத்தில் யாருக்கும் சொந்த மேசை கிடையாது என்று அறிவித்தார்கள். முதலில் வருகிறவர் பிடித்த இடத்தில் உட்காரலாம். சாயங்காலம் கிளம்பும்போது மேசைமேல் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கக் கூடாது. ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்து, அதைத் தினமும் வீட்டுக்கு எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள்.

ரூலினாவுக்கு ஐம்பத்தாறு வயது. நெதர்லாந்தில் எங்கள் ஊர் ஸ்டேன்வைக்கிலிருந்து பக்கத்து நகரமான ஸ்வொல்லெவுக்கு ரயிலில் போய் வருகிறவள். புயலில் கூரை ஓடு பறந்தவர்களும் நிலவறையில் தண்ணீர் புகுந்தவர்களும் காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. பல வருஷமாக ஜன்னலோரம் ஒரே மேசையில் இருந்தாள். எதிரே ஹென்னி இருந்தாள். அந்த வசந்தத்தில் ஹென்னி ஓய்வுபெற்றுப் போனாள். போகும்போது, "அடிக்கடி காப்பி குடிக்க வாடி" என்றாள். ரூலினா ஒரு முறை போனாள். ஹென்னியின் பேரப்பிள்ளைகள் காலடியில் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேசி முடிக்கவில்லை. அதன்பிறகு ரூலினா போகவில்லை.

அதுவரை அவளுக்குப் பை என்று ஒன்று தேவைப்பட்டதே இல்லை. ரொட்டி டப்பாவும் ஒரு ஆப்பிளும் துணிப்பையில் போட்டு சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவாள். லேப்டாப் வந்த முதல் வாரம் அதையும் ஒரு துண்டில் சுற்றி அந்தத் துணிப்பையிலேயே வைத்தாள். புதன்கிழமை பலத்த மழை. அலுவலகத்தில் கணினி பார்க்கிற யோரிட் என்ற இளைஞன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்தான். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"என்ன ரூலினா, இதைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"துண்டு சுத்தித்தான் வச்சிருந்தேன்."

"அதான் துண்டும் நல்லா நனைஞ்சிருக்கு. ஒரு ஒழுங்கான பை வாங்குங்க. இதுக்குமேல என்னால காப்பாத்த முடியாது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ரூலினாவும் சிரித்தாள். அன்று அவளோடு அங்கே யாரும் பேசியது அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஸ்வொல்லெவில் ஒரு பைக்கடைக்குப் போனாள். கடையில் இருந்த பெண் நெட்டையாக, பொறுமையாக இருந்தாள். சட்டையில் இலோனா என்று பெயர் குத்தியிருந்தது. ரூலினா ஒரு பழுப்புத் தோல் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. நீங்க சைக்கிள்ல போறீங்களா?" என்று இலோனா கேட்டாள்.

"ஸ்டேஷன் வரைக்கும்."

"அப்ப வேணாம். ஒத்தைத் தோள் பை குனிஞ்சு மிதிக்கும்போது முன்னாடி சரிஞ்சு முழங்கால்ல இடிக்கும். தோல் மழைக்கும் ஆகாது. காலியா இருக்கும்போதே எவ்வளவு கனம், பாருங்க."

சைக்கிளின் பின்பக்கம் கொக்கியில் மாட்டுகிற பை ஒன்றையும் பார்த்தார்கள். அது தார்ப்பாய் மாதிரி கெட்டியாக, மழைக்கு நன்றாக இருந்தது. ஆனால் சக்கரத்தின் சேறெல்லாம் அதன்மேல் தெறிக்கும், கழற்றித் தோளில் போட்டால் அந்தச் சேறு கோட்டில் ஒட்டும் என்று ரூலினாவுக்கே தோன்றியது. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகுப்பையை இலோனா எடுத்து வந்தாள். அடியில் மெத்தை வைத்துத் தைத்திருந்தது. தரையில் வைத்தால் சாயாமல் நின்றது. லேப்டாப்புக்குத் தனி அறை, ரொட்டி டப்பாவுக்குத் தனி இடம், பயண அட்டைக்கு வார்ப்பட்டையிலேயே ஒரு சின்னப் பாக்கெட்.

"பள்ளிக்கூடத்துக்குப் போற மாதிரி இருக்குமோ?" என்று ரூலினா கேட்டாள்.

"என் முதலாளியும் இதைத்தான் மாட்டிட்டு வர்றாரு. அவருக்கு அறுபத்திரண்டு. பள்ளிக்கூடப் பையன்னு இதுவரைக்கும் யாரும் நெனச்சதில்ல."

இலோனா பாரத்துக்காகப் பைக்குள் இரண்டு சின்ன மணல் மூட்டைகளை வைத்து அவள் முதுகில் மாட்டிவிட்டு, பின்னால் நின்று பட்டைகளை இழுத்துச் சரிசெய்தாள். பாரம் அப்படியே முதுகோடு ஒட்டிக்கொண்டது. கனமே தெரியவில்லை.

"இப்ப மெல்லிசா சட்டை போட்டிருக்கீங்க. மழைக்கோட்டுமேல மாட்டும்போது இதை மறுபடி மாத்தணும். முன்னாடி இருக்கறதை நீங்களே இழுத்துக்கலாம். தோளுக்குப் பின்னால மேல ரெண்டு பட்டை இருக்கு பாருங்க, அது உங்களுக்கு எட்டாது. வீட்டுல யாரையாவது பின்னால நிக்கச் சொல்லி இழுத்து விடச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலை."

"வில்லெம்கிட்ட சொல்றேன்" என்றாள் ரூலினா.

சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. அவள் கணவன் வில்லெம் பிரிந்துபோய் நான்கு வருஷமாகிவிட்டது. போகும்போது நாய் மொப்பியையும் கூட்டிக்கொண்டு போனான். இப்போது ஸ்டேன்வைக்கிலேயே கால்வாய்க்கு அந்தப் பக்கம் யானி என்ற பெண்ணோடு இருக்கிறான். வில்லெம் என்ற பெயரை அவள் வாய்விட்டுச் சொல்லியே வெகுநாள் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து மழைக்கோட்டைப் போட்டு, பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். கையைத் தோளுக்குமேல் வளைத்துப் பார்த்தாள். விரல் நுனி பட்டையைத் தொட்டது, பிடிக்க வரவில்லை. கழற்றிக் கட்டிலில் வைத்து ஒரு குத்துமதிப்பாக இழுத்துவிட்டு மறுபடி மாட்டினாள். இடது பக்கம் இறங்கியது. மறுபடி கழற்றினாள். இந்த முறை வலது பக்கம். அப்படியே அரைகுறையாக விட்டுவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து சீஸ் வைத்த ரொட்டி ஒன்றைத் தின்றாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாமா என்று யோசித்தாள். புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி. வாசலில் பார்த்தால் தலையசைப்பார்கள். "என் பையை இழுத்து விடுங்க" என்று போய் நிற்க அவளுக்கு வாய் வரவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பை கோணலாகவே தொங்கியது. வேறு எந்தக் குறையும் அதில் இல்லை. மழையில் நனையவில்லை, ரயிலில் காலருகே நிமிர்ந்து நின்றது. ஆனால் வியாழக்கிழமைக்குள் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் பழைய ஜன்னலோரத்தில் பெயர் தெரியாத ஒரு பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாள் முழுக்க ஆட்கள் வந்து கோப்பையை நிரப்பிக்கொண்டு போனார்கள். கழுத்தைச் சாய்த்து வைத்திருக்கிறாளே என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சந்தைக்குப் போனாள். சாமான் வாங்கவும் அந்தப் பையைத்தான் மாட்டியிருந்தாள். சீஸ் கடையில் நிற்கும்போது ஏதோ ஒன்று காலில் மோதியது. மொப்பி. முகமெல்லாம் நரைத்துவிட்டிருந்தது, ஆனாலும் வாலைச் சுழற்றியபடி அவள் கோட்டில் ஏறப் பார்த்தது. கயிற்றின் மறுமுனையில் வில்லெம்.

"இன்னும் உன்னை ஞாபகம் வச்சிருக்கு" என்றான்.

"கிழவனாயிட்டான்."

"கண்ணு சரியாத் தெரியல. மோந்து பாத்தே கண்டுபிடிச்சுக்கறான்." பிறகு அவளை ஒரு மாதிரி பார்த்தான். "பை என்ன இப்படித் தொங்குது? திரும்பு."

"பரவால்ல, விடு."

"திரும்புன்னா திரும்பு."

அவள் திரும்பினாள். அவன் நாய்க்கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, இரண்டு பட்டைகளையும் பிடித்து இழுத்தான். ஒரு பக்கம் கொஞ்சம் தளர்த்தினான். சிக்கிக்கொண்டிருந்த அவள் கோட்டுக் காலரை எடுத்துவிட்டான். பை முதுகோடு பொருந்தியது. அவள் சீஸ் கட்டிகளைப் பார்த்தபடியே நின்றாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"யானி மீன் கடையில நிக்கறா. சரி, பாப்போம்."

"பாப்போம்" என்றாள். நாய் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு அவனோடு போயிற்று. கடைக்காரர், "சீஸ் இளசா வேணுமா, முத்தினதா?" என்று இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் அவளுக்குக் காதில் விழுந்தது. எதையோ சொன்னாள். வீட்டில் பிரித்துப் பார்த்தபோது சீரகம் போட்ட சீஸ் இருந்தது. அது அவளுக்குப் பிடிக்காது.

கழுத்து வலி இரண்டொரு நாளில் போய்விட்டது. பனி தொடங்கும்வரை பட்டையை அவள் தொடவில்லை. டிசம்பரில் கனத்த கோட்டை எடுத்தபோது பை கக்கத்தை இறுக்கியது. முதல் நாள் காலையே, பிளாட்பாரத்தில் மூச்சு முட்டியது. தினமும் பார்க்கிற, சிவப்புக் குல்லாய் போட்ட ஒரு பெண் சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். ரூலினா அவளிடம் போய், "மன்னிச்சுக்கங்க, பின்னால இந்தப் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தி விடறீங்களா? எனக்கு எட்ட மாட்டேங்குது" என்றாள்.

அந்தப் பெண் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். "ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டும்."

"போதுமா? கையைத் தூக்கிப் பாருங்க."

ரூலினா நடுப் பிளாட்பாரத்தில் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

"தினம் உங்களைப் பாக்கறேன். நீங்க பேச மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் அந்தப் பெண்.

"நானும் உங்களை அப்படித்தான் நெனச்சேன்."

அவள் பெயர் ஹெர்மியன். ரயிலில் தூங்கிக்கொண்டு போகிறவள் என்பதால், யாரும் பேசக் கூடாத பெட்டியில்தான் ஏறுவாள். ரூலினாவுக்கு அந்தப் பெட்டி பழக்கமில்லை, அவள் வேறு பெட்டியில் ஏறுவாள். ஏறும்வரை, குளிரைப் பற்றியும் தாமதமாக வரும் வண்டியைப் பற்றியும் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். புத்தாண்டுக்குப் பிறகு ஹெர்மியனின் அலுவலகத்தில் திங்களும் செவ்வாயும் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற நாட்களில் ரூலினா பையைக் காலருகே நிறுத்திவைத்துக்கொண்டு வண்டி வருகிற திசையைப் பார்த்தபடி நிற்கிறாள்.