அம்மன் ஏறிய சரக்கு வண்டி

ஜாசின் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பா தம்புசாமி முப்பத்தொரு வருடம் ஓட்டியது ஒரே ஒரு வண்டியைத்தான். அது ரயிலும் இல்லை, லோரியும் இல்லை. முன்னால் ஓட்டுநருக்கு ஒரு கூண்டு, கூண்டுக்கு அடியில் டீசல் என்ஜின், பின்னால் சரக்கு ஏற்றப் பலகைத் தளம். எல்லாம் ஒரே உடம்பு. தண்டவாளத்தில் தானாகவே ஓடும், இழுக்க வேறு என்ஜின் வேண்டாம். டீசல் வண்டிகள் புதிதாக வந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனி வாங்கிப் போட்டது. செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோகும். அங்கே திருப்ப இடம் இல்லாததால் பின்பக்கமாகவே திரும்பி வரும். தலையைத் திருப்பி வைத்து ஓட்டியதில் அப்பாவின் சட்டைக் காலர்கள் எல்லாம் ஒரே பக்கம்தான் நைந்திருக்கும்.

வண்டிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில், தண்டவாளத்தை ஒட்டி இடுகாடு. அக்கரையில் தொழிலாளர்கள் இருக்கும் லயன் வீடுகள் வரை சாலை உண்டு, இடுகாட்டுக்குப் போக அப்போது கிடையாது. தோட்டத்தில் யார் இறந்தாலும் அந்த வண்டியில்தான் போவார்கள். என் அம்மா கமலவேணியையும் அப்பாவேதான் ஓட்டிக்கொண்டு போனார்.

அதனால் தோட்டத்து அம்மன் கோயில்காரர்கள் அந்த வண்டியை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்குப் பூசாரி லோரிக்கும் டிராக்டருக்கும் கற்பூரம் காட்டுவார். அப்பாவின் வண்டிக்கு அப்பாவே காட்டிக்கொள்வார். அதை எங்களிடம் வேடிக்கையாகச் சொல்வார். அம்மா போன பிறகு அந்த வேடிக்கை நின்றுவிட்டது. அம்மா படுத்த பலகையைத் தீட்டு என்கிறார்களே என்பது அவருக்கு ஆறவே இல்லை.

2019 திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, மழையில் ஆற்றின் சாலைப் பாலம் இடிந்தது. ஒவ்வொரு வருடமும் அம்மன் லோரியில் ஏறி அக்கரை லயன் வீடுகளுக்குப் போய் வர வேண்டும். ரயில் பாலம் மட்டும் அசையாமல் நின்றது. கோயில் தலைவர் வீரப்பன் மாமா தன் மனைவி பெத்தம்மாள் அத்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் வண்டியைக் கேட்டார். பலகைகளை மட்டும் புதிதாக மாற்றிவிடலாம், செலவு கோயிலுடையது என்றார்.

அதற்கு அப்பா கேட்டார்.

"பலகைய மாத்திடலாம் மாமா. சக்கரமும்தான் செத்தவங்களத் தூக்கிட்டுப் போச்சு, என்ஜினும்தான். அதையும் மாத்தணுமா?"

"அப்படிக் கேட்டா எப்படி லா, தம்பு?"

"கமலாவ படுக்க வச்ச பலகை. அம்மனுக்கு அது ஆகாதுன்னா நான் வண்டிய எடுக்கல. யாராச்சும் ஓட்டத் தெரிஞ்சவங்க ஓட்டட்டும்."

ஓட்டத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அத்தைதான் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்க அப்பாரும் இதுலதானே போனாரு? தை பொறந்தா அவருக்குப் படையல் போட்டு சாமின்னு கும்புடுறீங்க. அவரு சாமி, அவரு படுத்த பலகை தீட்டா?"

மாமா, வண்டியைக் கழுவ மஞ்சள் தண்ணீர் எவ்வளவு வேண்டியிருக்கும் என்று மட்டும் கேட்டார். இரண்டு வாளி போதும் என்றார் அப்பா.

திருவிழாவன்று காலை பூசாரி வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். போகும்போது சரி. திரும்பும்போது அம்மன் பின்பக்கமாக வீட்டுக்கு வருவாளா? அதுவரை யாருக்கும் இது தோன்றவில்லை. கூட்டத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அப்பா போய், பலகைத் தளத்தில் வைத்திருந்த அம்மன் பீடத்தை ஒரு கையால் தள்ளினார். அது மெல்லச் சுழன்றது. பழைய லோரிச் சக்கரத்தின் நடுப்பாகத்தை அடியில் பொருத்தி, இரண்டு நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நிறுத்தி வைக்க ஒரு கொக்கியும் இருந்தது.

அக்கரை லயன் பெண்கள் முழங்கால் அளவு மழைத் தண்ணீரில் தேங்காய்த் தட்டோடு காத்திருந்தார்கள். அம்மன் வந்தாள், திரும்பினாள், முகம் முன்னால் இருக்கும்படியே வீடு சேர்ந்தாள்.

"போறப்ப அவ என் முதுகப் பாத்தா, வர்றப்ப நான் அவ முதுகப் பாத்தேன். எங்களுக்குள்ள சண்டை இல்ல" என்று அப்பா அன்று முழுவதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அதே பலகையில் குலைகள் ஏறின. அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பூசாரி முதலில் வந்தது அப்பாவிடம்.

பாலத்தைக் கட்டி முடித்த பிறகும் அம்மன் லோரிக்குத் திரும்பவில்லை.

அப்பா போன மாதம் ஜாசின் மருத்துவமனையில் தூக்கத்திலேயே போனார். இப்போது இடுகாடு வரை தார்ச்சாலை இருக்கிறது. நான் டவுனிலிருந்து வேன் ஏற்பாடு செய்து, அதிலேயே அவரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். சடங்குகள் முடிந்ததும் வீரப்பன் மாமா வேன் ஓட்டுநரிடம் காலியாகப் போய் அக்கரையில் நிற்கச் சொன்னார். பிறகு அப்பாவுக்கு அடுத்து வண்டி ஓட்டக் கற்றிருந்த சுரேனிடம் என்ஜினைப் போடச் சொன்னார்.

அதே பலகையில் அம்மன் ஏறும் திருவிழாவுக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. பூசாரியும் கூடவே நடந்து வந்தார். அக்கரை போய்ச் சேரும்வரை பலகையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.