முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த சீட்டு

குற்றம் யாருடையது என்று எவரும் விசாரிக்காதபோது, தண்டனை மட்டும் எப்படி ஒருத்தியின் தலையில் தவறாமல் வந்து விழுகிறது? மலாய் நாட்டில், காஜா பெராங்கில் துணி தைத்துப் பிழைத்த சந்திரமதியின் வாழ்க்கை இருபது வருடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு மூன்று கரு கலைந்தது. மூன்றுக்கும் காரணம் கண்டுபிடித்தவள், கூடவே குடியிருந்த மூத்த நாத்தனார் சாரதாம்பாள். தையல் மிஷினை மிதித்தாள், அன்னாசி தின்றாள், மழையில் நனைந்தாள் என்று. கரு உண்டானபோதெல்லாம் சந்திரமதி மிஷினை மூடினாள், அன்னாசியை விட்டாள், கோயில் தரையில் சோறு போட்டு மண்சோறு தின்றாள்.

மூன்றாவது போனபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த வெள்ளைக்கார டாக்டர் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதினார். "புருஷன்கிட்ட குடு" என்றாள் நர்ஸ். அப்படியே கொடுத்தாள். புருஷன் நல்லையா ரப்பர் கடையில் கணக்கெழுதும் கிராணி, ஆங்கிலம் தெரிந்தவர். சீட்டை இரண்டு முறை படித்தார்.

"ஓய்வா இருக்கணுமாம்" என்றார்.

சாரதாம்பாள் அதை வாங்கி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முருகன் படத்துக்குப் பின்னால் செருகினாள். டாக்டர் எழுதினாலும் நடத்தித் தருவது சாமிதான் என்பது அவள் கணக்கு. மூன்று வருடம் அந்தப் படத்துக்குச் சூடம் காட்டினார்கள். சந்திரமதியும் விழுந்து கும்பிட்டாள். அதற்குள் இன்னும் இரண்டு போயிற்று. கடைசியது ஐந்து மாதம்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சந்திரமதி படத்தை இறக்கினாள். சீட்டு விழுந்தது. கெபாயா ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்திருந்த மீனாச்சி, தலைமுறையாய் மலாயே பேசும் செட்டிக் கம்பத்துக்காரி, கான்வென்டில் படித்தவள், அதை எடுத்துப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் வராது. மலாயில் சொன்னாள்: "இனி லாக்கி புன்யா." இந்தச் சீட்டு உனக்கு இல்லை, உன் புருஷனுக்கு எழுதியது. அவர் ரத்தத்தையும் பார்க்காமல் மருந்து எழுத முடியாது, டாக்டர் அவரை உடனே வரச் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் நல்லையா செருப்பைக் கழற்றுமுன் சந்திரமதி சீட்டை நீட்டினாள்.

"ஓய்வுன்னு எந்த வரியில எழுதியிருக்குங்க? காட்டுங்க."

அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார். சாரதாம்பாள்தான் பேசினாள். "ஆம்பளைய ஆஸ்பத்திரியில போயி ஊசிக்கு நிக்கச் சொல்றியா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

"என் வயித்தப் பத்தி காஜா பெராங்கே பேசுச்சே அண்ணி, அப்ப உங்களுக்கு வெக்கமா இல்லியா? நான் மண்ணுல சோறு போட்டுத் தின்னேன். இவரு சட்டைக் கைய மடிச்சா கொறஞ்சு போயிடுவாரா?"

"பயமா இருந்துச்சு, மதி" என்றார் நல்லையா.

அது உண்மையாகவே இருக்கலாம். பயப்படுவது யாருக்கும் உண்டு. ஆனால் அவர் பயத்தை மூன்று வருடம் சுமந்தது அவள் உடம்பு. அவர் நல்லவர் என்று தெருவில் சொல்லுவார்கள். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். ஒரு மனிதன் நல்லவனாக இருக்க இவ்வளவு போதும் என்று யார் முடிவு செய்தார்கள்?

மறுவாரம் போய் ரத்தம் கொடுத்தார். கோளாறு அவர் ரத்தத்திலும் இருந்தது. இருவருக்கும் சேர்த்து ஊசி போட்டால் கரு தங்கலாம், மனைவிக்கு நாற்பத்தொன்று ஆகிவிட்டது, இருந்தாலும் காலம் கடந்துவிடவில்லை என்றார் டாக்டர். மூன்று வருடம் முந்தி வந்திருந்தால் நல்லது என்றும் சொன்னார். இதையும் நல்லையா மறைக்காமல் வந்து சொன்னார்.

வியாழக்கிழமை முதல் ஊசி. சந்திரமதி காலையிலேயே குளித்து, நல்ல சேலை கட்டி, அவரோடு பஸ்ஸுக்கு நின்றாள்.

"ஏறு, மதி."

"நீங்க முன்னால ஏறுங்க."

அவர் ஏறி, அவளுக்கும் இடம் பிடித்துத் திரும்பிப் பார்த்தபோது பஸ் நகர்ந்துவிட்டது. அவள் ரோட்டோரத்திலேயே நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. ஏனென்று நல்லையா கேட்டார், அழுதும் கேட்டார். மீனாச்சியும் கேட்டாள். "என் உடம்பு சொமந்தது போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சந்திரமதி மிஷினை மிதித்தாள்.